எஞ்சின் உதிரிப் பாகங்களைத் துருப்பிடிக்காமல் வருடக்கணக்கில் வைப்பது எப்படி: மும்பைவாசிகளுக்கு முழு வழிகாட்டி

ஆர்எக்ஸ் 100, பழைய வார்ப்பிரும்பு புல்லட், பழைய யெஸ்டி, பத்மினி என்று உற்பத்தி நின்றுபோன வண்டி எதையாவது வைத்திருப்பவர்கள் எல்லோரும் குர்லா சிஎஸ்டி ரோட்டிலோ வேறெங்கோ நல்ல கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு), பேரல் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) கண்ணில் பட்டால் இப்போது தேவையில்லாவிட்டாலும் வாங்கிவிடுவார்கள். சரியான பழக்கம்தான், அடுத்த முறை கிடைக்கும் என்று என்ன உத்தரவாதம்? ஆனால் இரண்டு மழைக்காலம் கழித்து கவரைப் பிரித்தால் எண்ணெய் பூசியது பூசியபடி இருக்கும், கவரும் கிழிந்திருக்காது, உள்ளே பாகம் மட்டும் செங்கல் நிறத்தில் இருக்கும்.

இப்படிப் பாழான பாகங்களைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் பெரும்பாலும் எண்ணெயைத்தான் குறை சொல்கிறார்கள். விசாரித்தால் கழுவிய விதத்திலோ காய வைத்த விதத்திலோ கோளாறு இருக்கும். ஈரமும் உப்பும் மூடும்போதே உள்ளே போய்விட்டன, எண்ணெய் அவற்றின் மேல் ஒரு போர்வையாகத்தான் கிடந்தது. அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். பொருள்களில் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

1. எந்த மாதத்தில் செய்வது

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பகல் பதினொரு மணிக்கு மேல். மும்பையில் காற்று ஓரளவு வறண்டிருப்பது அப்போதுதான். பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் தொடங்குகிறது, ஜூலை, ஆகஸ்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகி, துருவின் வேகம் சட்டென்று கூடிவிடும்.

அதுகூட உப்பில்லாத சுத்தமான இரும்புக்கான கணக்கு. வர்லி, வெர்சோவா, கொலாபா மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் காற்றோடு உப்புத்தூள் வந்து படிகிறது. கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு 35 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உப்போடு வைத்த பாகத்துக்கு வருடம் முழுக்க மழைக்காலம்தான்.

மழை நேரத்தில்தான் பாகம் கைக்கு வந்தது என்றால் முழு வேலையையும் அப்போதே செய்ய வேண்டாம். தாராளமாக எண்ணெய் பூசி, கவரில் போட்டு, 'மறுபடி செய்ய வேண்டும்' என்று எழுதி வையுங்கள். டிசம்பரில் முதலிலிருந்து தொடங்கலாம்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

வேலையைத் தொடங்கியபின் கடைக்கு ஓடக் கூடாது. இரும்புப் பேரலைத் தண்ணீரில் கழுவி வைத்துவிட்டு கவர் வாங்கப் போனால், திரும்பி வருவதற்குள் உட்பக்கத்தில் மஞ்சள் பூத்துவிடும்.

கழுவ: மினரல் டர்பன்டைன் (எந்தப் பெயின்ட் கடையிலும் கிடைக்கும்), பாத்திரம் தேய்க்கும் லிக்விட், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர், நைலான் பிரஷ், உட்பக்கத்துக்குப் பால் பாட்டில் கழுவும் பிரஷ். துடைக்க வெள்ளைப் பனியன் துணி. கலர் துணி வேண்டாம், அழுக்கு வருகிறதா என்பது அதில் தெரியாது.

பூச: துரு தடுப்பு எண்ணெய், கடைக்காரரிடம் ரஸ்ட் பிரிவென்டிவ் ஆயில் என்றே கேளுங்கள். அதோடு ஒரு டப்பா பெட்ரோலியம் ஜெல்லி. நைட்ரில் கையுறை அவசியம். பருத்திக் கையுறை வியர்வையை ஊறவிட்டு அப்படியே பாகத்தில் ஒற்றும், அதற்கு வெறுங்கையே மேல்.

மூட: 400 கேஜ், அதாவது 100 மைக்ரான் தடிமனுள்ள பாலிதீன் கவர், ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகாத தெளிவான பிளாஸ்டிக் பெட்டி, விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்று. எண்ணெய், பிரஷ், கையுறை வகையறாவை நாக்தேவி தெருவில் ஒரே நடையில் முடித்துவிடலாம்.

3. கழுவுவதற்கு முன் பிரித்து வையுங்கள்

புதிதாக வருகிறவர்கள் ஒரு எஞ்சினின் பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுகிறார்கள். தேட வசதிதான், ஆனால் ஒவ்வொரு உலோகத்துக்கும் நோய் வேறு. வார்ப்பிரும்பும் எஃகும் ஒரு குவியல், அலுமினியமும் கார்புரேட்டர் மாதிரியான துத்தநாகக் கலவையும் ஒரு குவியல், பித்தளை, செம்பு தனி, ரப்பர், கார்க், பேப்பர் கேஸ்கெட் தனி.

அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் மாட்டியிருக்கும் எஃகு போல்ட், ஸ்டட்களை முடிந்தவரை கழற்றிவிடுங்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகி, மரையோடு சேர்ந்து இறுகிவிடும். பிறகு கழற்றப் போனால் மரை மொத்தமாகப் பெயர்ந்து வரும்.

தொழிற்சாலை பேக்கிங்கில் இருக்கும் பேரிங், பிஸ்டன் ரிங் செட் ஆகியவற்றைப் பிரிக்கவே கூடாது. உள்ளே என்ன நிலைமை என்று பார்க்கிற ஆசையில் திறந்தால், நாம் மறுபடி செய்கிற எந்தப் பேக்கிங்கும் அதற்கு ஈடாகாது.

4. கழுவுதல்: முதலில் டர்பன்டைன், பிறகு தண்ணீர்

அதிகம் பேர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். டர்பன்டைனிலோ டீசலிலோ கழுவினால் பாகம் பளபளவென்று ஆகிவிடும், அத்தோடு முடிந்தது என்று துடைத்து எண்ணெய் பூசிவிடுகிறார்கள். ஆனால் கிரீஸ், பழைய ஆயில், கார்பன் இவற்றைத்தான் டர்பன்டைன் கரைக்கும், உப்பைக் கரைக்காது. வியர்வை உப்பு, கடல் உப்பு, சாலைச் சேறு காய்ந்த உப்பு எல்லாம் அங்கேயேதான் இருக்கும். உப்பு தண்ணீரில்தான் போகும்.

அப்படியானால் நேரே தண்ணீரில் கழுவினால் என்ன? கிரீசுக்கு அடியில் தண்ணீர் போகாது. அதனால்தான் இரண்டும், அதுவும் இந்த வரிசையில்.

முதலில் டர்பன்டைனில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்து, ஆயில் துளைகளில் சிரிஞ்சால் பீய்ச்சி, கறுப்பு வராமல் ஆகும்வரை கழுவுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கேஸ் அடுப்பு பற்றியெரிகிற ஒற்றை அறை வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், மொட்டை மாடிக்குப் போங்கள். பெட்ரோலில் கழுவுவது ஆபத்து என்பது தெரிந்ததே. அது வேகமாக ஆவியாகி உலோகத்தைக் குளிரவைப்பதால், ஈரக்காற்றில் பாகத்தின் மேல் பனி படிகிறது என்பது அவ்வளவாக யாருக்கும் தெரிவதில்லை.

அடுத்து, கை பொறுக்கும் அளவுக்கு மேல் சூடான தண்ணீரில் பாத்திர லிக்விட் கலந்து ஒருமுறை. சூடாக இருந்தால் கழுவியபின் பாகம் தானாகவே சீக்கிரம் காயும். அந்த லிக்விட்டிலேயே கெட்டித்தன்மைக்காக உப்பு சேர்ப்பதுண்டு, அதனால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரித் தண்ணீர். ஒரு பேரலுக்கு ஒரு லிட்டர் தாராளம்.

துணி துவைக்கும் காஸ்டிக் சோடாவை அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பிஸ்டனையும் கிராங்க் கேஸையும் அது கரைத்தே விடும்.

5. ஏற்கெனவே பிடித்திருக்கும் துரு

இருக்கிற துருவின் மேல் எண்ணெய் பூசினால் அது அமுங்கும், நிற்காது. துருவின் நுண்துளைகளுக்குள் ஈரமும் உப்பும் தங்கியிருக்கும்.

வெளிப்பக்கம், பேரலின் துடுப்புகள், பிராக்கெட் மாதிரி முக்கியமில்லாத இடங்களில் கம்பி பிரஷ் போதும். பேரிங் உட்காரும் இடம், கேம் முனை, கியர்ப் பல், கிராங்க் ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் வழவழப்பான பகுதி) இவற்றில் மிக மெல்லிய ஸ்டீல் உல்லை எண்ணெயில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். உப்புத்தாள் போடுவதானால் அளவு போய்விடும் என்று தெரிந்தே போடுங்கள். துரு நீங்கியபின் நகத்தால் தடவினால் குழி தட்டுகிறதா? பேரிங் ஓடும் பரப்பில் தட்டினால் அந்தப் பாகத்தைச் சேமித்து வைப்பதில் பயனில்லை.

எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைசலில் ஊறவைப்பது வார்ப்பிரும்புக்கு நன்றாக வேலை செய்யும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி அமிலத்தை முறித்து, மறுபடி அலச வேண்டும். ஆனால் வால்வு ஸ்பிரிங், கிளட்ச் ஸ்பிரிங், கடினப்படுத்திய கியர் எதையும் அமிலத்தில் போடாதீர்கள். அமிலம் இரும்போடு சேரும்போது வெளிவரும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓடும்போது ஒரு நாள் உடையும்.

டாய்லெட் கழுவும் ஆசிட்டில் போடச் சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அதன் ஆவி பட்டால் அதே அறையில் இருக்கும் ஸ்பேனர்கள்கூடத் துருப்பிடிக்கும்.

6. காய வைத்தல்

அலசியதும் துணியால் ஒற்றி, உடனே சூடாக்குங்கள். வெயிலில் சூடேறிய மாடித் தளம், ஹேர் டிரையர், ஹீட் கன் எதுவானாலும் சரி. பாகம் 50, 60 டிகிரி சூட்டுக்கு, அதாவது கையில் சில நொடி மட்டுமே பிடிக்க முடிகிற அளவுக்கு வர வேண்டும். மேற்பரப்பு காய்ந்தாலும் ஆயில் துளை, மரைக்குழி, வால்வு கைடு இவற்றின் உள்ளே தண்ணீர் நிற்கும், சூடுதான் அதை விரட்டும்.

பஞ்சர் கடையில் காற்றடித்துக் காய வைத்தேன் என்பார்கள். மும்பைக் காற்றை அழுத்தினால் அந்த ஈரமெல்லாம் டேங்கின் அடியில் தண்ணீராக இறங்கும், தினமும் வடிக்காத கம்ப்ரஸர் அதையும் சேர்த்துத்தான் துப்பும். காற்றடிக்கும் துப்பாக்கியை முதலில் ஒரு வெள்ளைத் தாளில் அடித்துப் பாருங்கள், புள்ளி விழுந்தால் வேண்டாம்.

மழைக்காலத்தில் கட்டாயம் செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரு தகரப் பெட்டிக்குள் 40 அல்லது 60 வாட் பழைய இழை பல்பை எரியவிட்டு, பாகத்தை அதற்குள் இரவு முழுக்க வையுங்கள். பல்பின் மேல் துணியோ தாளோ படக் கூடாது. எல்இடி பல்பு இதற்கு உதவாது, சூடு போதாது.

ஏசி அறைக்குள் எடுத்துப்போய்க் காய வைக்கலாமா என்று கேட்பார்கள். அங்கே காற்று வறண்டதுதான். ஆனால் ஜூலையில் 22 டிகிரி அறையில் குளிர்ந்த இரும்பை வெளியே கொண்டுவந்தால் ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி வியர்த்துவிடும். ஏசியில் காய வைத்தால் எண்ணெய் பூசி, கவர் மூடும் வேலையையும் அங்கேயே முடித்துவிடுங்கள்.

இந்த நிமிடத்திலிருந்து கையுறை இல்லாமல் தொடாதீர்கள். விரல்ரேகை அச்சு அப்படியே துருவாகப் பதிந்த கிராங்க் ஜர்னல்களைப் பார்த்திருக்கிறேன், போலீஸ் அடையாளம் எடுக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தது.

7. எண்ணெய் தேர்வும் பூசுவதும்

பாகம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பூசுங்கள். சூட்டில் எண்ணெய் இளகி நுண்ணிய இடுக்குகளுக்குள் ஓடும்.

எது எவ்வளவு நாள் தாங்கும் என்பதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். டபிள்யூடி-40 வகை ஸ்ப்ரே தண்ணீரை விரட்டுவதற்கு நல்லது, காய வைத்ததும் ஒரு கை அடிக்கலாம், ஆனால் அது விட்டுவைக்கும் படலம் மெல்லியது, வருடக்கணக்கான வேலைக்கு அதை மட்டும் நம்ப முடியாது. சில வாரங்களுக்கு என்றால் புது எஞ்சின் ஆயிலே போதும். ஒரு வருடம்வரை துரு தடுப்பு எண்ணெய். அதற்கும் மேலே என்றால் மெழுகு மாதிரிப் படியும் துரு தடுப்பு வகை, இல்லையென்றால் துரு தடுப்பு எண்ணெயின் மேல் உருக்கிய பெட்ரோலியம் ஜெல்லி. டப்பாவை வெந்நீரில் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம்.

பூசக் கூடாதவை: பழைய எஞ்சின் ஆயில், அதில் எரிபொருள் எரிந்ததால் வந்த அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம், நாளாக நாளாகச் சிக்குப்பிடித்து அமிலமாகும். கிராஃபைட் கிரீஸும் வேண்டாம், கிராஃபைட் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் இரும்பும் அலுமினியமும் இன்னும் வேகமாக அரிக்கும்.

8. பாகத்துக்குப் பாகம்

பேரல்: புதிதாக போரிங், ஹோனிங் (உட்சுவரைக் குடைந்து, கல்லால் தேய்த்து மெல்லிய கோடுகள் போடுவது) செய்த பேரல்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தான நிலையில் இருப்பது. லேத் பட்டறையிலிருந்து வந்த அன்றே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஹோனிங் கல்லின் தூள் கோடுகளுக்குள் புதைந்திருக்கும், டர்பன்டைன் அதை வெளியே கொண்டுவராது. பிறகு எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் துரு வராவிட்டாலும், பின்னால் புது ரிங் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

கிராங்க்: டூ ஸ்ட்ரோக் கிராங்கில் பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் முனை) ரோலருக்குள் எண்ணெய் போவது கடினம். கனெக்டிங் ராடைச் சுழற்றிச் சுழற்றி எண்ணெய் விடுங்கள், கீழே வழிய வேண்டும். வெளியே பளபளப்பாக வைத்துவிட்டு ரோலரில் துருப்பிடிக்கவிட்ட கிராங்க்தான் சந்தையில் அதிகம் ஏமாற்றுவது. கார் எஞ்சினின் நீளக் கிராங்கைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி, சாயாமல் கட்டி வையுங்கள்.

பேரிங்: பேக்கிங் பிரிந்தவற்றைக் கழுவிக் காய வைக்கும்போது காற்றடித்துச் சுழல விடாதீர்கள், எண்ணெயில்லாமல் சுழன்றால் பரப்பில் கீறல் விழும். துரு தடுப்பு எண்ணெயில் முக்கியெடுத்துப் படுக்கை வாக்கில் வையுங்கள்.

ரிங்: வார்ப்பிரும்பு, எளிதில் முறியும். ஆணியில் தொங்கவிடாதீர்கள், தட்டையாக வையுங்கள்.

ஸ்பிரிங்: சின்னத் துருக்குழி விழுந்தாலும் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். குழி தெரிந்த வால்வு ஸ்பிரிங்கைத் தூக்கிப்போடுங்கள். புது ஸ்பிரிங் உடைந்த எஞ்சினைவிட மலிவு.

கார்புரேட்டர்: கிண்ணத்தில் ஒரு சொட்டு பெட்ரோல்கூட இருக்கக் கூடாது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுத்து உள்ளே வெள்ளைப் பூஞ்சை மாதிரி அரிப்பைக் கிளப்பும். ஜெட்டுகளைக் கழற்றித் தனியாக வைப்பது நல்லது.

ரப்பர் சீல், ஓரிங்: எண்ணெய் வேண்டாம், வெளிச்சமில்லாத இடத்தில் மடிக்காமல் வையுங்கள். பிரேக் சிலிண்டர் ரப்பரை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், மினரல் ஆயில் பட்டால் உப்பிவிடும்.

பிரிக்காமல் முழு எஞ்சினாகவே வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அரைகுறையாகச் சூடாகும் எஞ்சினுக்குள் எரிபொருள் எரிந்து வந்த நீராவி அப்படியே கிராங்க் கேஸில் தண்ணீராகத் தங்கும். ஒன்று அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள், இல்லை ஆயிலை மாற்றி, பிளக் துளையில் எண்ணெய் விட்டு எஞ்சினைச் சுழற்றி, எல்லா வாயையும் அடைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

9. சுற்றுவதும் உறையிடுவதும்

செய்தித்தாளில் சுற்றாதீர்கள். தாளும் அட்டையும் காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், அமிலத்தன்மையும் இருக்கலாம், அதுபோக எண்ணெயையும் உறிஞ்சிவிடும். மெழுகுத் தாளோ மெல்லிய பாலிதீனோ முதல் சுற்று, அதற்கு மேல் தடித்த பாலிதீன் கவர். சாயம் போட்ட பிவிசி ஷீட் வேண்டாம், பிவிசி பழசாகும்போது ஹைட்ரோகுளோரிக் ஆவியை விடும்.

கவரிலிருந்து காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். கூர் முனைகளில் இரண்டு மடிப்பு பாலிதீன் கூடுதலாக வையுங்கள், கிராங்க் முனை கவரைக் குத்திக் கிழித்தால் மொத்த வேலையும் வீண்.

விசிஐ தாள் என்று ஒன்று விற்கிறது. அதிலிருந்து வரும் ஆவி உலோகத்தின் மேல் படிந்து காக்கும், எண்ணெய்ப் பிசுக்கு வேண்டாம் என்கிற பாகங்களுக்கு அருமையான பொருள். பூச்சுள்ள பக்கம் உலோகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கவர் மூடியிருக்க வேண்டும், பாகத்திலிருந்து ஒரு அடிக்குள் தாள் இருக்க வேண்டும். தடியாக கிரீஸ் அப்பிவிட்டு மேலே விசிஐ சுற்றினால் ஆவி உலோகத்தைத் தொடவே தொடாது. இரும்புக்கான தாள் வேறு, பல உலோகத்துக்கானது வேறு. பித்தளை, செம்பு இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

10. சிலிக்கா ஜெல்லின் கணக்கு

மூன்று கிராம் பொட்டலம் ஒன்றைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்காக இந்தக் கணக்கு. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள 20 லிட்டர் காற்றில் இருக்கும் தண்ணீர் அரை கிராம்தான். அப்படியானால் மூன்று கிராம் போதுமே? போதாது. அதே பெட்டியில் 100 கிராம் அட்டை இருந்தால் அதற்குள் மழைக்காலத்தில் 10 கிராம் வரை தண்ணீர் இருக்கும், மூடி விளிம்பு வழியாக ஒவ்வொரு நாளும் கொஞ்சம் புதுக்காற்றும் வரும். அதனால் அட்டையை வெளியே போட்டுவிட்டு, 20 லிட்டர் பெட்டிக்கு 100 முதல் 150 கிராம் சிலிக்கா ஜெல் வையுங்கள். துணிப்பையில் போட்டு வையுங்கள், ஜெல் மணிகள் நேரடியாக உலோகத்தைத் தொட வேண்டாம்.

ஆரஞ்சு நிறம் பச்சையானால் நிறைந்துவிட்டது என்று பொருள். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் குளோரைடு இருக்கும், உடம்புக்கு ஆகாது, ஆரஞ்சையே வாங்குங்கள். 110, 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவன் வேண்டாம்.

விசிஐ இருக்கும் கவருக்குள்ளேயே சிலிக்கா ஜெல் வேண்டாம், அது விசிஐ ஆவியையும் உறிஞ்சக்கூடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

11. எங்கே வைப்பது

மும்பை ஃபிளாட்டில் பரண் என்றாலே பாத்ரூமுக்கு மேலேதான். நீராவி, ஆசிட் ஊற்றிக் கழுவும் ஆவி, வெந்நீர்ச் சூடு எல்லாம் அங்கே. அதைத் தவிருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்தில் வேண்டாம், சார்ஜ் ஆகும்போது அமிலத் துளி காற்றில் வரும். தகரக் கூரைக்கு நேர் கீழேயும் வேண்டாம். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது பெட்டி மூச்சு விடுவதுபோல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்.

படுக்கையறையின் இரும்பு பீரோவின் அடித்தட்டுதான் என் கணக்கில் முதலிடம், வீட்டில் சம்மதம் வாங்குவது உங்கள் சாமர்த்தியம். தாராவி, சயான் கோலிவாடா போன்ற இடங்களில் தரைத்தள அறை என்றால் இடுப்பு உயரத்துக்கு மேலே வையுங்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ மழை கொட்டிய ஊர் இது. தரையில் வைத்த காற்றுப்புகாத பெட்டியும் வெள்ளத்தில் மிதந்து கவிழும்.

12. சீட்டும் சோதனையும்

ஒவ்வொரு கவரிலும் வெளிப்பக்கம் பாகத்தின் பெயர், எந்த வண்டி, அளவு (ஓவர்சைஸ் எவ்வளவு என்பது உட்பட), என்ன பூசியிருக்கிறது, எந்த மாதம் என்று மார்க்கரால் எழுதுங்கள். காகிதச் சீட்டைக் கவருக்குள் போடாதீர்கள், அதுவும் ஈரம்தான். மூடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், என்ன இருக்கிறது என்று பார்க்கத் திறக்கும் ஆசை வராது.

திறந்து பார்ப்பது வருடத்துக்கு இருமுறை போதும்: மே மாதத் தொடக்கத்தில் ஒருமுறை, மழை முழுக்க ஓய்ந்து நவம்பரில் ஒருமுறை. இடையில் பெட்டிக்கு வெளியிலிருந்தே ஜெல்லின் நிறத்தையும் உள்ளே வைத்த ஈரப்பதமானியையும் பாருங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் தொடாதீர்கள். சந்தேகத்தில் ஆகஸ்டில் திறந்தால், அந்த ஒரு திறப்பிலேயே உள்ளிருக்கும் வறண்ட காற்று முழுக்கப் போய்விடும். எண்ணெய் மட்டும் பூசியவற்றுக்கு நவம்பர் சோதனையின்போது மறுபூச்சு கொடுங்கள், ஜெல்லி பூசியவற்றைக் கலைக்க வேண்டாம்.

13. எடுத்துப் பொருத்தும் நாளில்

ஏசி அறையில் இருந்த பெட்டியானால் வெளியே கொண்டுவந்து மூடியபடியே சில மணி நேரம் வையுங்கள். கனமான பேரல், கிராங்குக்கு ஒரு இரவு. வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறந்தால் வியர்க்காது.

பூச்சை டர்பன்டைனால் முழுக்கக் கழுவிவிட்டுத்தான் பொருத்த வேண்டும். மெழுகு வகை ஆயில் துளையில் அடைத்திருந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்திலேயே கேம் காய்ந்து ஓடும், அதனால் துளை ஒவ்வொன்றிலும் சிரிஞ்சால் பீய்ச்சி மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள். தொழிற்சாலை பேக்கிங்கில் வந்த பேரிங்கை மட்டும் கழுவாதீர்கள். அதன் எண்ணெய் பெரும்பாலும் எஞ்சின் ஆயிலோடும் கிரீஸோடும் ஒத்துப்போகும், உட்காரும் வெளிப்பரப்பை மட்டும் துடைத்தால் போதும். பல வருடம் கிடந்த சீல் வைத்த பேரிங்கை விரலில் சுற்றிப் பாருங்கள், கிரீஸ் இறுகி கரகரத்தால் புதிது வாங்குங்கள்.